முதலில் என்ன செய்வீர்கள்

நீங்கள் ஒரு திட்ட மேலாளர்
என்றுதான் தொடங்குகிறது
ஒவ்வொரு கேள்வியும்.

புதுவயல் அரிசி ஆலையின் சம்பளப் பேரேட்டில்
நான் ‘ஆபீஸ் பொண்ணு, இருளாயி’.
பதினோரு வருஷமாக.
நெல் லாரிக்கு டோக்கன்,
பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு இளநீர்,
கோயம்புத்தூரிலிருந்து வரப்போகிற கலர் சார்ட்டருக்கு
அஸ்திவாரம், கரண்டு, கிரேன், கிரேன்காரனுக்குச் சாப்பாடு
எல்லாம் என் தலையில்.
இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்றும்
பரீட்சை உண்டென்றும்
போன ஆடியில்தான் தெரிந்தது.
கட்டணம் மூன்று மாதச் சம்பளம்.
பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே
நிரப்பச் சொன்னார்கள்.
நிரப்பினேன்.

ராத்திரி ஷிப்ட் சங்கு ஊதியபின்
எடைமேடை அறையில் படிப்பு.
ஊறல் தொட்டியின் புளித்த வாடை
கூடவே வந்து உட்காரும்.
தமிழில் யோசிக்கிறேன்,
இங்கிலீஷில் தப்பாகிறேன்.

கேள்வி நாற்பத்தேழு.
குழுவில் இருவருக்குள் தகராறு.
முதலில் என்ன செய்வீர்கள்?
மேலிடத்தில் சொல்வீர்களா,
ஒருவரை மாற்றுவீர்களா,
இருவரையும் அழைத்துப் பேசுவீர்களா,
தானாகச் சரியாகும் என்று விடுவீர்களா?

உமி தள்ளுவதில் சூசைக்கும் சின்னக்காளைக்கும்
கை கலந்த அன்று
இருவருக்கும் ஒரே இலையில்
புரோட்டா வாங்கிப் போட்டேன்.
நாலு விடையிலும் அது இல்லை.
‘சி’ என்று குறித்தேன். சரியாம்.

கேள்வி எழுபது.
நிதி தருபவர் ஒப்புதலை எழுத்தில் பெற்றீர்களா?
வயிரவன் சார் எழுத்தில் எதுவும் தந்ததில்லை.
‘பாத்துக்கலாம்’ என்பார்.
அது சம்மதமா, மறுப்பா,
ரிஸ்க் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய ஒன்றா
என்று புத்தகத்தில் தேடினேன்.
‘பா’ வரிசையே இல்லை அதில்.

நூற்றெண்பது கேள்வி, இருநூற்று முப்பது நிமிஷம்.
அறுபத்து நாலு சதவீதம்.
மறுபடி.
அறுபத்தொன்று.
தூக்கத்தில் யாரோ கேட்கிறார்கள்,
நீங்கள் ஒரு திட்ட மேலாளர்,
பால் பொங்கிவிட்டது,
முதலில் என்ன செய்வீர்கள்?
ஆராய்வேன் என்கிறேன்.
பால் போய்விட்டது.

நூற்றுப் பன்னிரண்டில்தான் மாட்டினேன்.
பட்டியலில் இல்லாத ஒருவர்
வேலை முடியும் தறுவாயில் எதிர்ப்பு சொல்கிறார்.
மேலிடத்துக்குத் தெரிவிப்பேன் என்று போட்டேன்.
தப்பு.
விளக்கத்தை மூன்று தரம் படித்தேன்.
அவர் இப்போது வந்தவர் இல்லை,
தொடக்கத்திலேயே இருந்தவர்,
நீங்கள்தான் எழுதவில்லை
என்கிற மாதிரி ஏதோ.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திமுத்து வீடு.
கேட்டுக்கு நாலு தடவை வந்திருக்கிறாள்.
சார் இல்லை என்று சொல்லச் சொல்லி
வாட்ச்மேனிடம் சொன்னது
நான்.

காலையில் போனேன்.
கொடியில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று,
வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்.
உதறிக் காட்டினாள்.
சாம்பல், என் மூக்குக்கண்ணாடி மேலும்.
‘நீங்க யாரு?’
தொள்ளாயிரம் கேள்விகள் எனக்குச் சொல்லித் தந்த பதில்
தொண்டை வரை வந்தது.
‘மில்லுல இருந்து வர்றேன்’ என்றேன்.

நிறுத்தச் சொல்வாள், வழக்குப் போடுவாள்,
நஷ்டஈடு கேட்பாள் என்று
மூன்று விடைகளுடன் நின்றேன்.
‘பாய்லருல சாம்பல் எப்ப தள்ளுவீங்க?
அந்த நேரத்த மட்டும் சொல்லுங்களேன்,
அதுக்கப்புறம் காயப்போட்டுக்கறேன்.
புகைபோக்கிக்கு வலை போடறத அப்புறம் பேசுவோம்,
அத விடமாட்டேன்.’

எனக்குத் தெரியவில்லை.
சூசையைக் கேட்டேன்.
விடியக் காலம் நாலரை,
சாயங்காலம் ஆறு,
உமி ஈரமாக இருந்தால் சொல்ல முடியாது.

ஒன்பது நாளில் மதுரையில் பரீட்சை.
நூற்றுப் பன்னிரண்டாம் கேள்விக்குக் கீழே
நாலரை, ஆறு, உமி ஈரம்
என்று பென்சிலில் இருக்கிறது.
பக்கத்தில் ஒரு கரும்பொடி.
ஊதினால் பரவும் என்று
அப்படியே மூடி வைத்தேன்.